ஒரு செயற்கை மூக்கின் ஆயுள்

 

இன்றைய பேச்சுக்குப் பொருள் ஒரு மூக்கு. புற்றுநோய்க்காக அறுவை செய்து அகற்றிய மூக்கின் இடத்தில், சிலிக்கோன் என்னும் ரப்பர் போன்ற பொருளில் செய்து பொருத்துகிற மூக்கு. அதைப் போலவே விபத்தில் போன காது, பூஞ்சை நோய் தின்ற கண்குழி, வெடியில் சிதைந்த கன்னம். இவற்றைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "அசல் மாதிரியே இருக்கிறதே, எப்படிச் செய்கிறார்கள்?" என்பதுதான். அதை அணிந்திருப்பவர் கேட்கும் கேள்வி வேறு. "இது எத்தனை நாள் இப்படியே இருக்கும்?"

அந்த இரண்டாவது கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறோம். பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். பெரும்பாலும் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை. பேணிப் பாதுகாப்பவரிடம் கொஞ்சம் கூடும். நாளெல்லாம் வெயிலில் நிற்பவரிடம் சில மாதங்களிலேயே மாற்ற வேண்டியதாகிவிடும். மாற்றுவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்: நிறம் மாறுகிறது, விளிம்பு கிழிகிறது.

ஏன் மாறுகிறது? ஏன் கிழிகிறது? சிலிக்கோன் கெட்டதா, சிலிக்கோனில் சேர்த்தது கெட்டதா? இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு போவோம்.

முகத்தில் போன உறுப்புக்கு மாற்று தேடுவது நேற்று தொடங்கிய முயற்சி அல்ல. டென்மார்க் நாட்டு வானியலாளர் டைக்கோ பிராகி, 1566இல் ஒரு வாள் சண்டையில் மூக்கின் ஒரு பகுதியை இழந்தார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் உலோக மூக்கை ஒட்டிக்கொண்டு நடமாடினார். அது வெள்ளியும் தங்கமும் கலந்தது என்று நானூறு ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். 2010இல் பிராக் நகரில் அவருடைய கல்லறையைத் திறந்து எலும்பில் படிந்திருந்த துகள்களைச் சோதித்தபோது கிடைத்தவை செம்பும் துத்தநாகமும். ஆக, அது பித்தளை மூக்கு. அந்த மூக்கு கெட்டுப்போயிருக்காது. ஆனால் அதை யாராவது அசல் மூக்கு என்று நம்பியிருப்பார்களா?

முதல் உலகப் போருக்கு வருவோம். பதுங்குகுழியிலிருந்து தலை தூக்கிய வீரர்களின் முகத்தைத்தான் குண்டு முதலில் தேடி வந்தது. தாடை போனவர்கள், மூக்கு போனவர்கள், கண் போனவர்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். லண்டன் மருத்துவமனை ஒன்றில் பிரான்சிஸ் டெர்வென்ட் வுட் என்ற சிற்பி அவர்களுக்கு உலோக முகமூடி செய்யத் தொடங்கினார். அவரைப் பார்த்து அமெரிக்கச் சிற்பி அன்னா கோல்மன் லாட், செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆதரவோடு பாரிஸில் ஒரு கூடம் திறந்தார். காயம் ஆறிய முகத்தில் சாந்து பூசி அச்செடுப்பார். அதிலிருந்து போருக்கு முந்திய முகத்தைக் களிமண்ணில் மீட்பார். பிறகு மெல்லிய செம்புத் தகட்டில் முகமூடி. அதை அணிந்தபடி வீரர் உட்கார்ந்திருக்க, லாட் எதிரே நின்று எனாமல் வண்ணம் பூசுவார். மப்பான நாளில் தோல் ஒரு நிறமாகவும், வெயில் நாளில் வேறு நிறமாகவும் தெரியுமே! இரண்டுக்கும் பொதுவாக ஒரு நிறத்தைத் தேடித் தேடிப் பூசியிருக்கிறார் அந்த அம்மையார். புருவத்துக்கும் மீசைக்கும் அசல் முடி.

அந்த முகமூடிகளுக்கு இரண்டு குறைகள் இருந்தன. சிரித்தாலும் அழுதாலும் அசையாது. எனாமல் பெயர்ந்து உதிர்ந்தது. அதோடு மூன்றாவதாக ஒரு கொடுமை: அணிந்தவருக்கு வயதாகும், முகமூடிக்கு வயதாகாது. நரைத்த தலைக்குக் கீழே இருபத்திரண்டு வயது முகம்!

மென்மை வேண்டும் என்று தேடியவர்கள் ஒவ்வொன்றாக முயன்றார்கள். கெட்டிப்படுத்திய ரப்பர் வந்தது. 1940களில் அக்ரிலிக் வந்தது. இன்றும் பல்செட்டுக்குப் பயன்படும் அதே பொருள். நிறம் நிற்கும், ஆனால் கல் போல இருக்கும். பிவிசி வந்தது. மென்மைக்காக அதில் கலந்த நெகிழ்ப்பான் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேற, விளிம்பு விறைத்துப் போயிற்று. 1960இல் ஜார்ஜ் பார்ன்ஹார்ட் என்பவர் முக உறுப்புகளுக்குச் சிலிக்கோன் ரப்பரைப் பயன்படுத்திய முறையை வெளியிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, அந்த இடத்தை வேறு எந்தப் பொருளும் பிடிக்கவில்லை.

சிலிக்கோனுக்கு அப்படி என்ன சிறப்பு? பெயரில் குழப்பம் வேண்டாம். சிலிக்கான் என்பது மணலில் இருக்கும் தனிமம். கணினிச் சில்லு செய்வது அதில்தான். சிலிக்கோன் என்பது அந்தத் தனிமமும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. பிளாஸ்டிக்குகளின் முதுகெலும்பு கரி அணுக்களால் ஆனது. சிலிக்கோனின் முதுகெலும்பு மணலின் உறவு.

இந்த உறவு வெயிலில் எப்படிக் கைகொடுக்கிறது என்று பாருங்கள். கரி அணுவும் கரி அணுவும் பிணைந்த பிணைப்பை உடைக்க, வேதியியல் கணக்கில், மோலுக்குச் சுமார் 350 கிலோஜூல் ஆற்றல் போதும். சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்புக்குச் சுமார் 450 வேண்டும். நம் தலைமேல் விழும் வெயிலில் மிக உக்கிரமான புற ஊதாக் கதிரின் அலைநீளம் சுமார் 300 நானோமீட்டர். அது சுமக்கும் ஆற்றல் ஏறக்குறைய 400. கரிப் பிணைப்பை உடைக்க அது போதும். சிலிக்கோனின் முதுகெலும்பை முறிக்கப் போதாது. சங்கிலியின் இரு பக்கமும் தொங்கும் மீத்தைல் குழுக்கள் மட்டுமே அந்த அடிக்கு ஆளாகக்கூடியவை.

அப்படியானால் வெயிலில் சிலிக்கோன் மூக்கு ஏன் வெளிறுகிறது?

இதற்கு விடை உங்கள் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறது. தோசை திருப்பவும் குழம்பு கிளறவும் சிலிக்கோன் கரண்டி பல வீடுகளில் வந்துவிட்டது. வெள்ளைக் கரண்டியால் சாம்பார் கிளறியவர்களுக்குத் தெரியும், இரண்டே நாளில் அது மஞ்சளாகிவிடும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மஞ்சள்தூளில் இருக்கும் குர்க்குமின் எண்ணெயில் கரைந்து சிலிக்கோனுக்குள்ளேயே இறங்கிவிட்டது. அந்தக் கரண்டியை மொட்டைமாடியில் வெயிலில் காய வையுங்கள். மஞ்சள் வெளுக்கத் தொடங்கும். கரண்டி அப்படியே வளையும், நிமிரும். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நிறம் மட்டும் போய்விட்டது. சிலிக்கோன் ஒளியை ஏறக்குறைய அப்படியே உள்ளே விடும் பொருள். தனக்குள் இருக்கும் நிறமியை அது வெயிலிலிருந்து காப்பதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பூவைப் போல வெளிச்சத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

ஒரு கரண்டியில் இரண்டு பாடமும் வந்துவிட்டன. சிலிக்கோன் வெளியிலிருந்து எண்ணெயையும் கறையையும் உள்ளே வாங்கும். உள்ளே இருக்கும் நிறத்தை வெயில் வந்து எடுத்துக்கொண்டு போகும். முகத்தில் இருக்கும் மூக்குக்கும் இதுதான் நடக்கிறது.

இனி அந்த மூக்கு எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். நம் நாட்டில் இந்த வேலை பெரும்பாலும் பல் மருத்துவக் கல்லூரிகளில், செயற்கைப் பல் கட்டும் துறையில் நடக்கிறது. முதலில் முகத்தை அச்செடுப்பார்கள். அதன்மேல் மெழுகில் மூக்கைச் செதுக்குவார்கள். பழைய கல்யாணப் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செதுக்குவதும் உண்டு. மெழுகு மூக்கு சரியாக அமைந்ததும், அதைச் சுற்றிப் பல் அச்சுக்கான கல்மாவை ஊற்றி அச்சாக்கி, மெழுகை உருக்கி வெளியேற்றுவார்கள். மூக்கின் வடிவில் ஒரு வெற்றிடம் கிடைக்கும். சிலிக்கோன் அதற்குள் போக வேண்டும்.

அதற்கு முன்னால் வருவது நிறம் கூட்டும் வேலை. கண்ணாடிப் பலகையில் ஒளி ஊடுருவும் சிலிக்கோன் பசை. பக்கத்தில் சிறு சிறு குப்பிகளில் மஞ்சள் காவி, செங்காவி, பழுப்பு, கருப்பு, வெள்ளை. ஊசிமுனை அளவு எடுத்துத் தேய்த்துக் கலப்பார்கள். ஒரு துளியை நோயாளியின் கன்னத்தோரம் பிடித்துப் பார்ப்பார்கள். டியூப்லைட்டில் பொருந்திய நிறம் ஜன்னல் வெளிச்சத்தில் பொருந்தாது. அதனால் நோயாளியை ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார வைத்து, மறுபடி கொஞ்சம் மஞ்சள், மறுபடி கொஞ்சம் சிவப்பு. மூக்கு நுனிக்கு ஒரு நிறம், பக்கவாட்டுக்கு வேறு, மடிப்புக்கு இன்னும் இருட்டாக ஒன்று. தோலுக்கு அடியில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் காட்ட, சிவப்பு ரேயான் நூலின் பொடி இழைகளைத் தூவுவார்கள். இத்தனையையும் படலம் படலமாக அச்சுக்குள் அடுக்கி, மூடி, இறுக்கி, இறுக வைத்து வெளியே எடுக்கும்போது, அறுவைக்குப் பிறகு அதுவரை கண்ணாடியைப் பார்க்க மறுத்தவர் கண்ணாடியைக் கேட்பார். அதைப் பார்த்த எவருக்கும் இந்தக் கலையின் மதிப்பை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வேலையில் சின்னக் கவனக்குறைவும் பெரிய நட்டம். பிளாட்டினத்தை ஊக்கியாகக் கொண்டு இறுகும் சிலிக்கோன் வகைகள்தான் இன்று அதிகம். பிளாட்டினத்துக்குக் கந்தகம் பகை. சாதாரண லேட்டக்ஸ் கையுறை போட்ட கையால் பசையைத் தொட்டுவிட்டால், கையுறை ரப்பரில் மிச்சமிருக்கும் கந்தகச் சேர்மம் பிளாட்டினத்தை முடக்கிவிடும். தொட்ட இடம் மட்டும் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். இரண்டு நாள் உழைப்பு வீண்!

சரி, என்னவெல்லாம் சேர்க்கிறார்கள்? ஒவ்வொன்றும் எதைக் கொடுக்கிறது, எதை எடுத்துக்கொள்கிறது?

முதல் சேர்மானம் சிலிக்கா தூள். புகையைப் போல அவ்வளவு நுண்ணியது. சேர்மானம் எதுவும் இல்லாத வெறும் சிலிக்கோன் ரப்பர், கெட்டித் தயிர் போல விரல் பட்டாலே பிய்ந்துபோகும். சிலிக்கா தூள் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து பிடித்துக்கொண்ட பிறகுதான், இழுத்தால் தாங்கும் வலு பல மடங்கு கூடுகிறது. ஆனால் கூட்டிக்கொண்டே போனால் மூக்கு விறைக்கும். மென்மையை ஷோர் ஏ என்ற அளவுகோலில் அளப்பார்கள். முகத்துக்கு ஏற்றது 25 முதல் 35 வரை என்பது பொதுவான கணக்கு. வண்டி டயர் 60, 70இல் நிற்கும்.

விறைத்ததை மென்மையாக்கச் சிலிக்கோன் எண்ணெய் சேர்ப்பதும் உண்டு. தொட்டால் நிஜத் தோல் போலவே இருக்கும். ஆனால் அந்த எண்ணெய் சங்கிலியோடு பிணைந்தது அல்ல, இடுக்கில் தங்கியிருப்பது. நாளாவட்டத்தில் மேலே கசியும். மேல்பரப்பு பிசுபிசுக்கும். அதில் தெருப்புழுதி ஒட்டும். ஒட்டுப்பசையும் சரியாகப் பிடிக்காது. கிழிவைத் தாங்கும் வலுவும் குறையும். ஒட்டித்தான் அணிய வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு இந்த மென்மை தேவையில்லை என்பதே சரியான முடிவு.

அடுத்தது நிறமிகள். இதைப் பற்றித்தான் இன்று அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் ஒரு மூக்கின் ஆயுள் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது.

நிறமிகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று மண்ணிலிருந்து வருவது, இரும்பு ஆக்சைடு. நாம் கோலத்துக்குக் கரை கட்டும் காவிதான் அது. கோயில் மதிலில் வெள்ளைக்கு நடுவே பட்டை அடிக்கும் காவியும் அதுதான். சித்தன்னவாசல் குகைக் கூரையில் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நிற்கும் ஓவியங்களிலும் இப்படிப்பட்ட கனிம வண்ணங்கள்தான் இருக்கின்றன. காவி ஏன் மங்குவதில்லை? அது ஏற்கெனவே துருப்பிடித்த இரும்பு. இனி ஆக்சிஜன் வந்து அதை என்ன செய்துவிட முடியும்? மற்றொன்று கரிமச் சாயம். கரி அணுக்களை வரிசையாகக் கோத்து நிறம் பெறுவது. பளிச்சென்று இருக்கும். உதட்டுச் சிவப்பு, கன்னத்து ரோஜா நிறம் இவற்றுக்கெல்லாம் அதன் பக்கம்தான் கை போகும். ஆனால் முன்னே சொன்ன கணக்கை நினைவில் கொள்ளுங்கள்: வெயில் சுமக்கும் ஆற்றல் 400, கரிப் பிணைப்பின் வலு 350. இந்தச் சாயங்களில் பல, புற ஊதாக் கதிரை விழுங்கி விழுங்கியே உடைந்துபோகின்றன. செயற்கை மூக்கில் முதலில் காணாமல் போவது பெரும்பாலும் அந்தச் சிவப்புதான். சிவப்பு போனதும் மிச்சம் இருப்பது மஞ்சளும் சாம்பலும். நோயாளி வீட்டாருடைய பேச்சில் சொன்னால், "மூக்கு செத்துப்போன மாதிரி ஆகிவிட்டது."

சோதனைக்கூடங்கள் இதைப் பல முறை அளந்து பார்த்திருக்கின்றன. 1970களின் இறுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கிரெய்க், கோரன் முதலியோர், முக உறுப்புகளுக்கான ரப்பர் வகைகளைச் செயற்கை வெயிலும் ஈரமும் தரும் பெட்டிக்குள் வைத்து, 900 மணி நேரம் வரை வாட்டினார்கள். பாலியூரித்தேன், பிவிசி போன்றவற்றைவிடச் சிலிக்கோன் வகைகள் நன்றாகத் தாக்குப்பிடித்தன. பிறகு நிறமி கலந்த துண்டுகளையும் அதே போல வாட்டிப் பார்த்தார்கள். எல்லா நிறமியும் ஒன்றுபோல் நடந்துகொள்ளவில்லை. அன்றிலிருந்து வந்த ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த ஒரு முடிச்சை அவிழ்க்கும் முயற்சிதான்: எந்தச் சிலிக்கோனோடு எந்த நிறமி?

மூன்றாவது சேர்மானம், ஒளி ஊடுருவாமல் தடுக்கும் வெள்ளைப் பொடிகள். டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு, சீனக் களிமண். தோல் கண்ணாடியும் அல்ல, சுவரும் அல்ல. வெளிச்சத்தைக் கொஞ்சம் உள்ளே விட்டுத் திருப்பி அனுப்பும். அந்தத் தன்மை வர இந்தப் பொடிகள் வேண்டும். இவை புற ஊதாக் கதிரையும் தடுக்கும் என்பதால், நிறமிக்குக் குடை பிடித்த மாதிரியும் ஆயிற்று. நல்ல செய்திதானே? பாதி நல்ல செய்தி. டைட்டானியம் டை ஆக்சைடின் ஒரு படிக வகைக்கு ஒரு குணம் உண்டு. அது புற ஊதாக் கதிரை விழுங்கி, அந்த ஆற்றலைக் கொண்டு தன்னைச் சுற்றியுள்ள பொருளையே அரிக்கும். பழைய வீட்டு வெளிச்சுவரில் கை வைத்தால் வெள்ளை மாவாக ஒட்டிக்கொள்கிறதே, அதில் இந்தக் குணத்துக்குப் பங்கு உண்டு. ஆகவே எந்த வகைப் பொடி, அதன்மேல் காப்புப் பூச்சு உண்டா, எவ்வளவு சேர்த்தோம் என்பதெல்லாம் தெரியாமல் வெள்ளையை அள்ளிப் போடுவது திருடனிடமே சாவியைக் கொடுத்த கதை.

இதே ஆக்சைடுகளை நானோ அளவுக்குப் பொடித்துச் சேர்த்தும் பார்த்திருக்கிறார்கள். 2008இல் வெளியான ஓர் ஆய்வில் டைட்டானியம், துத்தநாகம், சீரியம் ஆகியவற்றின் நானோ ஆக்சைடுகளை எடைக்கு 2 முதல் 2.5 சதவீதம் சேர்த்தபோது சிலிக்கோனின் வலு கூடியது. அதற்கு மேல் போனால் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு கட்டியாகும். கட்டி இருக்கும் இடத்தில்தான் கிழிசல் தொடங்கும். உப்பைப் போலத்தான் இதுவும், அளவுக்குள் இருக்கும் வரை ருசி.

வெயிலைத் தடுக்க இன்னொரு வழி, தோலுக்குப் பூசும் சன்ஸ்கிரீனைப் போல, புற ஊதாக் கதிரை உறிஞ்சும் மருந்தையே சிலிக்கோனில் கலந்துவிடுவது. 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இப்படிக் கலந்த துண்டுகளை மியாமியிலும் ஃபீனிக்ஸிலும் திறந்தவெளியில் காயப் போட்டார்கள். மியாமியில் புழுக்கமும் வெயிலும் சேர்ந்து வாட்டும். ஃபீனிக்ஸ் பாலைவன ஊர். பலன்? சில நிறமிகளுக்கு மருந்து கைகொடுத்தது. எல்லாவற்றுக்கும் அல்ல. மியாமியின் புழுக்கம் சென்னைக்காரருக்குப் புதிதல்ல. ஆனால் சென்னை வெயிலில், நம் தோலின் நிறத்தில் கலந்த துண்டுகளைக் காயப் போட்டுப் பார்ப்பதற்கு மியாமி முடிவு ஈடாகாது. நம் கல்லூரிகளின் மொட்டைமாடிகள் சும்மாதானே கிடக்கின்றன!

தோலின் நிறம் என்று சொன்னோம். அதில் ஒரு சுவையான செய்தி உண்டு. நிறம் எவ்வளவு மாறினால் கண்ணுக்குத் தெரியும் என்பதை எண்ணால் அளக்க முடியும். 2009இல் வெளியான ஓர் ஆய்வு, வெளிர் தோல் நிறச் சிலிக்கோனில் 1.1 அளவு மாறினாலே கண் கண்டுபிடித்துவிடுகிறது என்றும், கருந்தோல் நிறத்தில் அது 1.6 என்றும் சொன்னது. "சரி, பரவாயில்லை" என்று மனம் ஏற்கும் எல்லை வெளிர் நிறத்துக்கு 3.0, கருநிறத்துக்கு 4.4. அதாவது நம்மைப் போன்ற நிறத்தவருக்குச் செய்த மூக்கு கொஞ்சம் கூடுதலாகவே மாறலாம், கண் பொறுத்துக்கொள்ளும். இந்த 1.4 புள்ளியை வீணாக்காமல் பயன்படுத்த நல்ல காவி நிறமியைத் தேர்ந்தெடுக்க வேண்டாமா?

நான்காவது, கிருமிக்கு எதிரான சேர்மானம். மூக்கின் உட்பக்கம் எப்போதும் ஈரம். ஈரம் இருக்கும் இடத்தில் கேண்டிடா என்ற பூஞ்சை குடியேறும். உட்பக்கத்தில் கரும்புள்ளிகள் தோன்றும், வாடை வரும், தோல் அரிக்கும். வெள்ளியின் நானோ துகள்களைச் சேர்த்தால் பூஞ்சை அடங்கும் என்று சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் அந்த வெள்ளி, மஞ்சளும் பழுப்புமாகத் தன் நிறத்தையும் சேர்த்தே கொடுக்கும். பூஞ்சை போயிற்று, நிறமும் போயிற்று என்றால் யாருக்கு லாபம்?

சேர்மானங்கள் போதும். மூப்புக்கு வருவோம்.

வெயில் ஒன்றுதான் எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. இருட்டில் பெட்டிக்குள் பூட்டி வைத்த துண்டுகளும் சிறிது நிறம் மாறியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அச்சிலிருந்து எடுத்த பிறகும் சிலிக்கோனுக்குள் வேதிவினை முழுதாக நின்றுவிடுவதில்லை. மிச்சமிருக்கும் முனைகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. சிறிய மூலக்கூறுகள் மெல்ல ஆவியாகின்றன. அதனால் நாளாக ஆக மூக்கு கொஞ்சம் விறைக்கிறது. வியர்வையின் அமிலமும் உப்பும் ஒரு பக்கம். முகத்தின் எண்ணெய்ப் பசை மறுபக்கம். அது உள்ளே இறங்கி விளிம்பை ஊத வைக்கிறது. தலைக்கு வைத்த எண்ணெய் காதோரம் வழிந்தால், செயற்கைக் காதுக்கும் அதே கதிதான். பீடி, சிகரெட் புகை படிந்தால் பழுப்புக் கறை.

எல்லாவற்றுக்கும் மேலாக, விளிம்பு. நல்ல விளிம்பு என்பது காகிதத்தைவிட மெல்லியதாக ஓடி, எங்கே மூக்கு முடிந்து எங்கே கன்னம் தொடங்குகிறது என்றே தெரியாமல் கரைய வேண்டும். அதே மெல்லிய விளிம்பில்தான் தினமும் காலையில் பசை தடவ வேண்டும். இரவில் கழற்ற வேண்டும். காய்ந்த பசையை விரலால் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். ஓர் ஆண்டுக்கு 365 காலை, 365 இரவு. அழகு எங்கே அதிகமோ அங்கேதான் உழைப்பும் அதிகம். முதலில் கிழிவதும் அங்கேதான். 1970களின் இறுதியில் சுவீடனில், எலும்போடு ஒன்றிப்போகும் டைட்டானியத் திருகுகளைக் காதுப் பக்கத்து எலும்பில் பதித்து அதில் செயற்கைக் காதை மாட்டும் முறை வந்தது. பசை இல்லாமல் மாட்டலாம், கழற்றலாம். விளிம்புக்குப் பெரிய விடுதலை. எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற எலும்பில் திருகு நிலைப்பது கடினம்; செலவும் அதிகம்.

அணிந்திருப்பவர் செய்யக்கூடியவை உண்டு. மென்மையான சோப்பும் பஞ்சு போன்ற பிரஷ்ஷும் போதும். கண்ட கரைப்பானும் வேண்டாம். இரவில் கழற்றி, துடைத்து, மூடிய பெட்டியில் வைக்க வேண்டும். ஜன்னல் திண்டில் வைக்கக் கூடாது. கழற்றும்போது விளிம்பைப் பிடித்து இழுக்காமல், தடித்த பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். வெயிலில் போனால் குடையோ, அகலமான தொப்பியோ. முகத்துக்கு மஞ்சள் பூசும் வழக்கம் உள்ள பெண்கள் செயற்கை உறுப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பூசிக் கழுவிக்கொள்ள வேண்டும். இவ்வளவையும் மருத்துவமனையில் முதல் நாளே யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்குத் திரும்புவோம். சிலிக்கோன் கெட்டதா, சேர்த்தது கெட்டதா? சிலிக்கோன் பெரும்பாலும் தன் வேலையைச் செய்கிறது. அதை முகமாக்குவதற்காகச் சேர்த்தவைதான் முதலில் களைத்துப்போகின்றன. ஆகவே விலை உயர்ந்த புதிய சிலிக்கோனைத் தேடி ஓடுவதைவிட, காலத்தை வென்ற மண் நிறமிகளைத் தேர்ந்தெடுப்பதும், அளந்து சேர்ப்பதும், சேர்த்ததை எழுதி வைப்பதும் அதிகப் பலன் தரும். இது கைத்திறனைவிடக் கணக்கு வைக்கும் பழக்கத்தைப் பொறுத்தது.

நம் நாட்டில் இதை ஒத்திப்போட முடியாது. வாய்ப் புற்றுநோய் நம்மிடம் மிகுதி. 2021இல் கொரோனாவைத் தொடர்ந்து வந்த கருப்புப் பூஞ்சை நோய், ஜூலை மாதத்துக்குள் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. உயிர் பிழைக்க வேண்டும் என்பதற்காகக் கண்ணையும் இமைகளையும் மேல் தாடையையும் இழந்தவர்கள் அவர்களில் பலர். மூக்குக் கண்ணாடியோடு இணைத்த சிலிக்கோன் கண்ணோடு இன்று வேலைக்குப் போய் வருகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒன்று என்று வைத்தாலும், நாற்பது வயதில் கண்ணை இழந்தவருக்கு எழுபது வயதுக்குள் பதினைந்து உறுப்புகள் வேண்டும்.

ஆகவே இந்த அவையில் இருக்கும் மருத்துவர்களுக்கும், தொழில்நுட்பர்களுக்கும், நாளை மருத்துவர் ஆகப்போகும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூக்கைச் செய்து முடித்த அன்றே, எந்தச் சிலிக்கோன், எந்த நிறமி, எத்தனை மில்லிகிராம் என்பதை நோயாளியின் சீட்டில் எழுதுங்கள். அச்சை உடைத்துப் போடாமல், பெயரும் தேதியும் ஒட்டி அலமாரியில் வையுங்கள். அடுத்து எந்த மாதம் வர வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் மூக்குக்கு நிதி ஒதுக்குகிறவர்கள் இரண்டாவது மூக்குக்கும் அதே தாளில் ஒதுக்கட்டும். நிறம் வெளுத்ததும் அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் முடங்குவதற்கு முன், அந்த இரண்டாவது மூக்கு அவர் கைக்கு வந்து சேரட்டும்.